‘=’ குறிக்குப் பக்கத்தில் பிழையாம், அங்கே என்ன தப்பு இருக்கிறது?

#1 நள்ளிரவுக்கோடு

வணக்கம். நேற்று மாலையிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறேன். நிலுவையில் இருக்கும் பில்களைத் தேதி வாரியாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பைதான் நிரலிலிருந்து மைஎஸ்க்யூஎல் 8.0 தரவுத்தளத்துக்குக் குவெரி (தரவைக் கேட்கும் எஸ்க்யூஎல் கட்டளை) போகிறது. டேபிள், ஃபீல்டு பெயர்களை மட்டும் மாற்றிப் போடுகிறேன்:

செலக்ட் எண், தேதி, தொகை
ஃப்ரம் பில்
வேர் நிலை = 'நிலுவை'
ஆர்டர் பை தேதி

பிழை எண் 1064. “உங்கள் எஸ்க்யூஎல் சிண்டாக்ஸில் பிழை இருக்கிறது, உங்கள் சர்வர் பதிப்புக்கான கையேட்டைப் பாருங்கள்” என்ற வழக்கமான பல்லவிக்கு அப்புறம், பிழை இதற்கு அருகில் என்கிறது:

= 'நிலுவை' ஆர்டர் பை தேதி — வரி 1

சமக்குறியில் என்ன தப்பு இருக்க முடியும்? அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். அதே பிழை. வெறுத்துப்போய் சமக்குறிக்குப் பதில் ‘லைக்’ போட்டுப் பார்த்தேன். இப்போது ‘லைக்’ அருகில் பிழை என்கிறது! இதில் பெரிய வேடிக்கை, இதே குவெரியை வொர்க்பெஞ்சில் (குவெரியை நேரடியாக ஓட்டிப் பார்க்கும் கருவி) அடித்தால் சமர்த்தாக ஓடுகிறது. ஆப்பிலிருந்து போனால் மட்டும்தான் அடம் பிடிக்கிறது.

#2 ஒற்றைவரி

நிலை என்று நீங்கள் மாற்றி எழுதியிருப்பது உண்மையில் ‘ஸ்டேட்டஸ்’ தானே? அது ரிசர்வ்டு வேர்டு, எஸ்க்யூஎல் தனக்கென ஒதுக்கிய சொல். அதைச் சுற்றிப் பேக்டிக் (`) போடுங்கள், முடிந்தது.

#3 நள்ளிரவுக்கோடு

ஆமாம், ஸ்டேட்டஸ்தான். பேக்டிக் போட்டேன். அதே பிழை, அதே சமக்குறி. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

#4 வெட்டிஒட்டு

மேற்கோள் குறியைப் பாருங்கள் நண்பா. குவெரியை எங்காவது ஆவணத்திலிருந்தோ அரட்டைப் பெட்டியிலிருந்தோ எடுத்து ஒட்டினீர்களா? நேர் மேற்கோள் போய்ச் சுருள் மேற்கோள் வந்திருக்கும். எனக்கு இதனால் ஒரு முழு நாள் போயிருக்கிறது. என் பெயரே அப்படி வந்ததுதான்.

#5 பழையடிபிஏ

இரண்டு சந்தேகங்களையும் முதலில் தள்ளிவைத்துவிடலாம்.

ஸ்டேட்டஸ் மைஎஸ்க்யூஎல்லில் கீவேர்டுதான், ஆனால் ரிசர்வ்டு இல்லை. பேக்டிக் இல்லாமலே ஃபீல்டு பெயராக வைத்துக்கொள்ளலாம். ஆர்டர், குரூப், கீ போன்றவைதான் ரிசர்வ்டு. 8.0 வந்தபோது ரேங்க், குரூப்ஸ், சிஸ்டம் மாதிரி சில சொற்கள் அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தன. 5.7-இல் ஓடிய குவெரி 8.0-இல் நின்றுபோனால் அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். இங்கே அது இல்லை.

சுருள் மேற்கோள் என்றால் பிழை எண்ணே வேறாக இருக்கும். மைஎஸ்க்யூஎல் சுருள் மேற்கோளை மேற்கோளாகவே மதிப்பதில்லை. பெயரில் வரக்கூடிய இன்னொரு எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ‘நிலுவை’ என்பதைச் சுருள் குறியோடு சேர்த்து ஒரு ஃபீல்டு பெயர் என நினைத்து, “இப்படி ஒரு ஃபீல்டு இல்லையே” என்று 1054 கொடுக்கும். உள்ளே இடைவெளி இருக்கும் சொற்றொடர் என்றால் 1064 வரலாம், ஆனால் உங்களுடையது ஒற்றைச் சொல்.

இப்போது பிழைச்செய்தியையே பார்ப்போம். ‘அருகில்’ என்ற சொல்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. தப்பு அங்கே இருக்கிறது என்று அது சொல்லவில்லை. பார்சர், அதாவது குவெரியின் இலக்கணத்தைப் படிக்கும் பகுதி, இடமிருந்து வலமாக ஒவ்வொரு சொல்லாக விழுங்கிக்கொண்டு போகும். இதற்கு மேல் விழுங்க முடியாது என்று எந்தச் சொல்லில் நிற்கிறதோ, அந்தச் சொல்லிலிருந்து மிச்சத்தை உங்களுக்குக் காட்டும் (80 எழுத்தோடு வெட்டிவிடும், அது வேறு). ஆக, சமக்குறிக்கு முன்னால் இருக்கும் அத்தனையும் பார்சருக்குச் சரியாகவே பட்டிருக்கிறது.

ஆனால் நீங்கள் போட்டிருக்கும் குவெரியில் ‘வேர் நிலை’ என்பதற்கு அப்புறம் சமக்குறி வருவது முழுக்க முழுக்கச் சரி. அங்கே எந்தப் பார்சரும் நிற்காது. ‘லைக்’ வந்தாலும் நிற்காது. நின்றிருக்கிறது என்றால், சர்வருக்குப் போனது நீங்கள் இங்கே போட்ட குவெரி இல்லை.

இன்னொரு தடயமும் இருக்கிறது. உங்கள் குவெரி நாலு வரி, சமக்குறி மூன்றாவது வரியில் இருக்கிறது. சர்வரோ ‘வரி 1’ என்கிறது. அதன் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே வரி.

குவெரியை அல்ல, அதைக் கட்டும் பைதான் கோடை அப்படியே போடுங்கள்.

#6 நள்ளிரவுக்கோடு

அண்ணா, இப்போது கைப்பேசியில்தான் இருக்கிறேன், கோடு அலுவலகக் கணினியில் மாட்டிக்கொண்டது. காலையில் போடுகிறேன். ஆனால் கோடிலும் இதே நாலு வரிதான், சத்தியமாக.

#7 செமிகோலன்

கோடு வரும் வரை ஒரு யோசனை. சர்வரில் ஜெனரல் லாக்கை ஆன் பண்ணிவிட்டால் வந்து சேரும் குவெரி எல்லாம் எழுத்துக்கு எழுத்து பதிவாகும். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

#8 பழையடிபிஏ

நல்ல யோசனைதான், ஆனால் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். கடவுச்சொல் லாக்கில் போய் உட்காரக் கூடாது என்பதற்காக மைஎஸ்க்யூஎல் குவெரியை மாற்றி எழுதித்தான் லாக்கில் போடுகிறது. சிண்டாக்ஸ் பிழை உள்ள குவெரியை அதால் படிக்கவே முடியாது, உள்ளே கடவுச்சொல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, எனவே எழுதாமலே விட்டுவிடும். லாக்-ரா என்ற ஆப்ஷனை ஆன் பண்ணினால்தான் பிழையான குவெரியும் பதிவாகும். நாம் தேடும் குவெரி மட்டும் லாக்கில் இருக்காது, மற்றதெல்லாம் இருக்கும். இதில் நானே ஒரு தடவை மண்டையை உடைத்துக்கொண்டு, “குவெரி சர்வருக்கே போகவில்லை” என்று நெட்வொர்க் ஆட்களோடு சண்டைக்குப் போயிருக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இந்தத் தொல்லை இல்லை. பிழை வந்த குவெரியை அது வழக்கமாகவே லாக்கில் எழுதிவிடும்.

ஆப் பக்கத்தில் பிடிப்பதுதான் சுலபம். எக்ஸிக்யூட் பண்ணும் வரிக்கு முந்தைய வரியில் அந்த ஸ்ட்ரிங்கை ‘ரெப்ர்’ போட்டு அச்சிடுங்கள். வெறும் பிரிண்ட் வேண்டாம், ரெப்ர்.

#9 புதுவரவு

ஏன் ரெப்ர்? பிரிண்டிலும் அதே எழுத்துதானே வரும்?

#10 வெட்டிஒட்டு

இதை நான் சொல்கிறேன், பட்டவன். இணையப் பக்கங்களிலிருந்து எடுத்து ஒட்டும்போது சாதாரண இடைவெளிக்குப் பதில் ‘பிரியா இடைவெளி’ வந்துவிடும். யூனிகோடில் அதன் எண் 160, நமக்குத் தெரிந்த இடைவெளி 32. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். பிரிண்ட் போட்டாலும் அப்படியேதான் தெரியும். ரெப்ர் போட்டால் அந்த 160-ஐ மட்டும் பின்சாய்கோட்டோடு காட்டிக்கொடுத்துவிடும். அகலமே இல்லாத இடைவெளி (8203), தமிழ் தட்டச்சில் சில நேரம் நுழைந்துவிடும் இணைப்பைத் தடுக்கும் குறி (8204), இவையும் அதில் மாட்டும்.

#11 பழையடிபிஏ

வெட்டிஒட்டு சொன்னதை இந்தக் குவெரியிலேயே பொருத்திப் பார்க்கலாம், ஏனென்றால் இதே பிழை அப்படியும் வரும். 160-ஐ மைஎஸ்க்யூஎல் இடைவெளியாகப் பார்ப்பதில்லை, பெயரில் வரும் எழுத்தாகப் பார்க்கிறது. ‘பில்’லுக்கும் ‘வேரு’க்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தால், சர்வருக்கு அது இரண்டு சொல் இல்லை, ஒரே நீளச் சொல்.

அப்போது பார்சர் எப்படிப் படிக்கும் என்று அதன் இடத்தில் உட்கார்ந்து பார்ப்போம். செலக்ட் வந்தது, மூன்று ஃபீல்டு வந்தது, ஃப்ரம் வந்தது. அடுத்து ஒரு பெயர் வருகிறது. சரி, டேபிள் பெயர். அதற்கு அடுத்து ‘நிலை’ என்று இன்னொரு பெயர். டேபிள் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் வந்தால் என்ன அர்த்தம்? செல்லப்பெயர், அதாவது ஏலியாஸ். ‘ஆஸ்’ போட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே, ‘ஃப்ரம் பில் ப’ என்று நாம் தினமும் எழுதுகிறோம். அதனால் நிலை என்பதையும் நிம்மதியாக விழுங்கிவிடும். அதற்கு அடுத்து ஜாயின் வரலாம், வேர் வரலாம், ஆர்டர் பை வரலாம், காற்புள்ளி வரலாம். சமக்குறி வரவே முடியாது. அங்கே நிற்கும்.

பேக்டிக் போட்டும் மாறாதது ஏன் என்று இப்போது தெரிகிறதா? ஏலியாஸுக்கும் பேக்டிக் போடலாம். ‘லைக்’ மாற்றியபோது பிழை லைக்குக்குத் தாவியது ஏன்? ஏலியாஸுக்குப் பின்னால் அதற்கும் இடம் கிடையாது.

ஆக நான் கோடைப் பார்க்காமலே சொல்கிறேன்: உங்கள் ‘வேர்’ சர்வருக்கு ‘வேர்’ ஆகப் போய்ச் சேரவில்லை. 160-ஆக இருக்கலாம், வேறு ஏதோவாகவும் இருக்கலாம். காலையில் பார்ப்போம்.

#12 ஒற்றைவரி

ரிசர்வ்டு வேர்டு என்றால் பிழை அந்தச் சொல்லிலேயே நின்றிருக்கும் என்று சொல்லலாமா அப்போது? என் தப்பு எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#13 பழையடிபிஏ

பெரும்பாலும். ‘வேர் குரூப் = 5’ என்றால் குரூப்பிலேயே நிற்கும், ஏனென்றால் அந்த இடத்தில் குரூப்பில் தொடங்கும் எதுவும் கிடையாது. ஆனால் ரேங்க் மாதிரி ஃபங்ஷன் பெயராகவும் இருக்கும் சொல் வந்தால், ‘ஓ, ஃபங்ஷன்’ என்று நம்பி அதை விழுங்கிவிட்டு அடைப்புக்குறிக்குக் காத்திருக்கும். அது வராதபோது அடுத்த சொல்லில்தான் நிற்கும். அதனால் உங்கள் ஊகம் அடியோடு தப்பில்லை. சொல்தான் தப்பு.

#14 நள்ளிரவுக்கோடு

காலை வணக்கம். ரெப்ர் போடவே தேவைப்படவில்லை. உட்கார்ந்து கோடைத் திறந்ததும் கண்ணில் அடித்தது. இரண்டு நாளாக இதைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

குவெரி = (
"செலக்ட் எண், தேதி, தொகை "
"ஃப்ரம் பில்"
"வேர் நிலை = 'நிலுவை' "
"ஆர்டர் பை தேதி"
)

முதல் வரி முடிவில் இடைவெளி இருக்கிறது. மூன்றாவது வரி முடிவில் இருக்கிறது. இரண்டாவது வரியில் மட்டும் இல்லை. பைதான் பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரிங்குகளைக் கேட்காமலே ஒட்டிவிடும். சர்வருக்குப் போனது:

செலக்ட் எண், தேதி, தொகை ஃப்ரம் பில்வேர் நிலை = 'நிலுவை' ஆர்டர் பை தேதி

பில்வேர்!

முதல் பதிவில் நான் போட்டது கோடைப் பார்த்து அழகாக வரி பிரித்துத் தட்டியது. வொர்க்பெஞ்சிலும் அப்படித்தான் கையால் தட்டினேன். எண்டர் தட்டிய இடத்தில் இடைவெளி தானாக வந்துவிட்டது. என் கையே பிழையைத் திருத்திவிட்டு, அப்புறம் ‘இங்கே ஓடுகிறதே’ என்று ஆச்சரியப்பட்டிருக்கிறது.

#15 செமிகோலன்

பில் என்பது இனி வெறும் டேபிள் இல்லை, வேர் விட்டுவிட்டது.

#16 வெட்டிஒட்டு

உரம் போடாமலே.

#17 புதுவரவு

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. பில்வேர் என்று ஒரு டேபிளே கிடையாது. “அப்படி ஒரு டேபிள் இல்லை” என்று சர்வர் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் பிடித்திருக்கலாமே? ஏன் சமக்குறியைக் காட்டி அலைய விடுகிறது?

#18 பழையடிபிஏ

நல்ல கேள்வி. வாக்கியத்தின் இலக்கணம் சரியா என்று பார்ப்பது முதல் வேலை. அந்தக் கட்டத்தில் சர்வர் எந்த டேபிளையும் தேடிப் போகாது. இலக்கணம் தேறிய பிறகுதான் “பில்வேர் என்று ஒருவர் இருக்கிறாரா?” என்று விசாரிக்கும். உங்கள் நண்பரின் குவெரி முதல் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது.

சமக்குறி பகுதியை மொத்தமாக எடுத்துவிட்டு, ‘ஃப்ரம் பில்வேர் நிலை’ என்று மட்டும் அனுப்பிப் பாருங்கள். இலக்கணப்படி அது குற்றமே இல்லாத வாக்கியம். அப்போது 1146 வரும், அப்படி ஒரு டேபிள் இல்லை என்று பெயரோடு சொல்லும். இது ஒரு நல்ல உத்தியும்கூட. புரியாத 1064 வந்தால் குவெரியைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். பிழை எண் எப்போது மாறுகிறதோ அங்கே நின்று பாருங்கள். மாறிய பிழை பெரும்பாலும் பழையதைவிடத் தெளிவாகப் பேசும்.

#19 கண்ணாடிப்பூச்சி

தாமதமாக வருகிறேன். இதே பில்வேரை மற்ற தரவுத்தளங்களில் போட்டால் என்ன சொல்வார்கள் என்று ஆசைக்குப் பார்த்தேன். எஸ்க்யூலைட் ஒரே வரியில், ‘=’ அருகில் சிண்டாக்ஸ் எரர் என்று முடித்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸும் அதையேதான் சொல்கிறது, ஆனால் குவெரி வரியைத் திரும்ப அச்சிட்டு, நின்ற இடத்துக்குக் கீழே ஒரு கூரைக்குறியும் போட்டுக் காட்டுகிறது. அந்த வரியில் பில்வேர் பளிச்சென்று தெரியும், ஐந்து நிமிட வேலை. ஆரக்கிள்தான் இருப்பதிலேயே புதிர்: ஓஆர்ஏ-00933, கமாண்ட் சரியாக முடியவில்லை என்கிறது. முடிவில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கடைசியில் இருக்கும் செமிகோலனைப் போட்டும் எடுத்தும் பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

#20 செமிகோலன்

என்னை இதில் இழுக்காதீர்கள்.

#21 நள்ளிரவுக்கோடு

எல்லாருக்கும் நன்றி. இடைவெளி போட்டேன், ஓடுகிறது. ஆனால் இழையை மூடுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. தேர்ந்தெடுத்த பில்களை மட்டும் காட்டும் திரை இது. பயனர் இரண்டு மூன்று பில்களைத் தேர்ந்தெடுத்தால் ஓடுகிறது. ஒரே ஒரு பில்லைத் தேர்ந்தெடுத்தால் 1064, ‘)’ அருகில் என்கிறது. அடைப்புக்குறிகளை விரல் விட்டு எண்ணிவிட்டேன், திறந்ததெல்லாம் மூடியிருக்கிறது. இந்த முறை கோடையே போடுகிறேன்:

"செலக்ட் எண், தேதி, தொகை ஃப்ரம் பில் வேர் எண் இன் " + ஸ்ட்ரிங்(டியூப்பிள்(தேர்வு))

#22 கண்ணாடிப்பூச்சி

பைதானில் ஒரே உறுப்புள்ள டியூப்பிளை (அடைப்புக்குள் வரும் மதிப்புப் பட்டியல்) தனியாக அச்சிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

#23 நள்ளிரவுக்கோடு

ஐயோ. (41,)

காற்புள்ளி!

#24 கண்ணாடிப்பூச்சி

அதேதான். இரண்டு பில் என்றால் (41, 57), எஸ்க்யூஎல்லுக்கும் பைதானுக்கும் தற்செயலாக ஒரே எழுத்து. ஒன்று என்றால் (41,). காற்புள்ளிக்கு அப்புறம் இன்னொரு எண் வரும் என்று பார்சர் காத்திருக்கிறது, மூடும் அடைப்பு வந்துவிடுகிறது. எதுவுமே தேர்ந்தெடுக்காவிட்டால் வெறும் (), அதுவும் மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் சிண்டாக்ஸ் பிழைதான். எஸ்க்யூலைட் மட்டும் வெற்று அடைப்பை ஏற்றுக்கொள்ளும். சோதனைக்கு எஸ்க்யூலைட், நிஜத்துக்கு மைஎஸ்க்யூஎல் என்று வைத்திருப்பவர்களை இது நன்றாகக் கவிழ்க்கும்.

ஆனால் இதைக் காற்புள்ளியை வெட்டி ஒட்டுப்போட வேண்டாம். மதிப்புகளை ஸ்ட்ரிங்கில் ஒட்டுவதே தப்பு. எத்தனை எண்களோ அத்தனை இடக்குறிகளை (மதிப்பு பின்னால் வந்து உட்காரும் இடம்) காற்புள்ளியால் கோத்து அடைப்புக்குள் வையுங்கள், எண்களை எக்ஸிக்யூட்டின் இரண்டாவது ஆர்கியூமென்ட்டாகக் கொடுங்கள். தேர்வு காலியாக இருந்தால் குவெரியே அனுப்பாமல் வெற்றுப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கு உங்கள் பட்டியலில் எண்கள் மட்டும் இருக்கின்றன. நாளைக்குப் பயனர் தட்டும் ஏதாவது ஒரு சொல் அதே வழியில் வந்தால், அவர் உங்கள் குவெரியை எழுத ஆரம்பித்துவிடுவார்.

#25 புதுவரவு

இந்த இழையிலேயே ஒரு சந்தேகம் கேட்டுவிடுகிறேன், எனக்கு வரும் 1064-இல் மேற்கோளுக்குள் ஒன்றுமே இல்லை. ‘’ அருகில், வரி 9 என்கிறது. ஒன்றுமில்லாததற்கு அருகில் என்றால் எங்கே போய்த் தேடுவது?

#26 பழையடிபிஏ

குவெரி தீர்ந்துவிட்டது, பார்சருக்கு இன்னும் பசி தீரவில்லை என்று அர்த்தம். மூடாத அடைப்புக்குறி, ‘எண்ட்’ போடாத ‘கேஸ்’, கடைசியில் தொங்கும் ‘அண்ட்’, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

#27 புதுவரவு

கேஸ். எண்ட் இல்லை. நன்றி, ஓடிவிட்டேன்.

#28 ஒற்றைவரி

என் பங்குக்கு ஒன்று. மைஎஸ்க்யூஎல்லில் ‘கவுண்ட் (*)’ என்று கவுண்டுக்கும் அடைப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டாலும் 1064 வரும். இங்கே இடைவெளி இல்லாததால் பிழை, அங்கே இருப்பதால் பிழை. ‘சம் (தொகை)’ என்று விட்டால் இன்னும் வேடிக்கை, 1630 வரும், சம் என்று ஒரு ஃபங்ஷனே இல்லை என்று சாதிக்கும்.

#29 செமிகோலன்

நள்ளிரவுக்கோடு, ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒரு இடத்தில் இடைவெளி விட்டுப்போயிருக்கிறது என்றால் அது ஒரே இடமாக இருக்காது. அந்த ப்ராஜெக்ட் முழுக்க, எஸ்க்யூஎல் ஸ்ட்ரிங் எங்கெல்லாம் இடைவெளி இல்லாமல் மேற்கோள் குறியில் முடிந்து அடுத்த வரிக்குப் போகிறதோ, எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள். அப்படியே மூன்று மேற்கோள் ஸ்ட்ரிங்குக்கு மாற்றிவிட்டால் வரிமுறிவுகள் அப்படியே சர்வருக்குப் போகும். அடுத்த தடவை ‘வரி 3’ என்று சொன்னால் அது உண்மையிலேயே மூன்றாவது வரியாக இருக்கும்.

#30 நள்ளிரவுக்கோடு

தேடினேன். ஆறு இடம் கிடைத்தது.

நாலு இடத்தில் பிரச்சினை இல்லை. முந்தைய வரி அடைப்புக்குறியிலோ காற்புள்ளியிலோ முடிகிறது, அதனால் ஒட்டிக்கொண்டாலும் சொல் கலக்கவில்லை. ஐந்தாவது, யாரும் பயன்படுத்தாத ஒரு திரை. ‘பில்ஆர்டர் பை’ என்று ஒட்டியிருக்கிறது, திறந்தால் ‘பை’ அருகில் பிழை. சரி செய்துவிட்டேன்.

ஆறாவதுதான் எனக்குப் புரியவில்லை. இது மாதாந்திர அறிக்கை. இடைவெளி இல்லை, ஆனால் இதுவரை ஒரு பிழைகூட வந்ததில்லை:

"செலக்ட் தேதி, தொகை, பெயர் "
"ஃப்ரம் பில் ப"
"லெஃப்ட் ஜாயின் வாடிக்கையாளர் வா "
"ஆன் வா.எண் = வாடிக்கையாளர்_எண்"

இது எப்படி ஓடுகிறது? அப்படியே விட்டுவிடலாமா?

#31 கண்ணாடிப்பூச்சி

விடாதீர்கள்! அந்த அறிக்கையில் வாடிக்கையாளர் பெயர் இல்லாத பில் ஒன்றாவது வந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

#32 பழையடிபிஏ

ஒட்டியதைப் படித்துப் பாருங்கள்: ‘ஃப்ரம் பில் பலெஃப்ட் ஜாயின் வாடிக்கையாளர் வா’.

பில் டேபிள், பலெஃப்ட் அதன் ஏலியாஸ். அப்புறம் வெறும் ஜாயின். லெஃப்ட் காணாமல் போய்விட்டது. லெஃப்ட் ஜாயின் என்றால் வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் பில் எல்லாம் வரும். வெறும் ஜாயின் என்றால் இன்னர் ஜாயின், இரண்டு டேபிளிலும் பொருந்துவது மட்டும்தான் வரும். வாடிக்கையாளர் எண் இல்லாத பில்கள் எல்லாம் சத்தமில்லாமல் விழுந்திருக்கும்.

எங்காவது ஒரு இடத்தில் ‘ப.தொகை’ என்று எழுதியிருந்தால்கூட, ‘ப யார் என்று தெரியாது’ என 1054 வந்து காப்பாற்றியிருக்கும். ஏலியாஸ் வைத்துவிட்டு அதைப் பயன்படுத்தாமல் விட்டதால் அந்த வாய்ப்பும் போய்விட்டது.

#33 நள்ளிரவுக்கோடு

எக்ஸ்ப்ளெயின் (குவெரியைச் சர்வர் எப்படி ஓட்டும் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். டேபிள் பெயர் வரும் இடத்தில் ‘ப’ இல்லை. ‘பலெஃப்ட்’ என்று உட்கார்ந்திருக்கிறது, இத்தனை நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இடைவெளி போட்டு ஓட்டினேன். போன மாத அறிக்கையில் 37 பில் கூடுதலாக வருகிறது. எல்லாம் பெயர் பதியாமல் போட்ட பில்கள். மொத்தத் தொகையும் மாறுகிறது. அதற்கு முந்தைய மாதங்களையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் பிரிவில் ஒருவர் இரண்டு மாதமாகத் தொகை இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “சிஸ்டத்தில் பிழை ஒன்றும் வரவில்லையே” என்று நான்தான் பதில் அனுப்பியிருந்தேன். அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன், அதற்குக் கீழேயே பதில் எழுத வேண்டும்.